தீத்தடுப்புப் பிளாஸ்டிக்: 62 ரூபாவின் பின்னால் இருக்கும் கதை

கடந்த மாதம் ஒரு நாள் மாலை, கடை அடைக்கும் நேரத்தில் என் மருமகன் ஒரு பையுடன் வந்தார். வெளியூரில் சிறியதொரு மின்சாரப் பொருள் கடை வைத்திருப்பவர். இதுவரை புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கி விற்றவர், முதற்தடவையாகத் தானே நேரடியாக இறக்குமதி செய்யும் எண்ணத்தில் இருந்தார். பையிலிருந்து இரண்டு மல்டி பிளக்குகளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் வெள்ளை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் அனுப்பிய கம்பனி இரண்டுக்கும் இரண்டு விலை சொல்லியிருந்தது. விலை கூடியதன் எதிரே 'எஃப்.ஆர்.' என்று இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன.

வரி, கப்பல் கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கு 62 ரூபா வித்தியாசம். அவர் எடுக்க நினைத்தது 5,000. அதாவது 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா.

"மாமா, வாங்க வாறவருக்கு வித்தியாசம் தெரியப்போறதில்ல. பக்கத்துக் கடையில விலை குறைஞ்சதத்தான் விப்பாங்க. நான் ஏன் மூணு லட்சம் கூடக் கொடுக்கணும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பிளாஸ்டிக் மூலப்பொருள் வியாபாரத்தில் இருபத்தைந்து வருடங்களைக் கழித்த நான் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் திணறினேன். அந்தப் பதிலைத்தான் இங்கே சற்று விரிவாகத் தருகிறேன். மின்சாரப் பொருள், வயர், வீட்டுப் பாவனைப் பிளாஸ்டிக், விளையாட்டுப் பொருள் என்று எதை விற்பவராக இருந்தாலும் இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

பிளாஸ்டிக் ஏன் எரிகிறது?

நாம் விற்கும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி மசகு எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் பிறந்தது. எனவே அது எரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால் எரிவது பிளாஸ்டிக் கட்டியல்ல. வெப்பம் பட்டதும் பிளாஸ்டிக் உடைந்து வாயுவாக வெளியேறுகிறது. அந்த வாயு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கலந்து தீப்பற்றுகிறது. அந்தத் தீயின் வெப்பம் மேலும் பிளாஸ்டிக்கை உடைத்து மேலும் வாயுவைத் தருகிறது. இப்படி ஒரு வட்டம் சுழல்கிறது.

பொலிபுரொப்பிலீன், பொலிஸ்டைரீன், தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் பாவிக்கும் ஏ.பி.எஸ். ஆகியவை இந்த வட்டத்தில் எளிதில் விழுபவை. பி.வி.சி. கொஞ்சம் வேறு. அதன் நிறையில் பாதிக்கு மேல் குளோரீன் இருப்பதால் கடினமான பி.வி.சி. குழாய் தானாக எரிந்துகொண்டிருக்காது. ஆனால் வயருக்காக அதை மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருள்களைச் சேர்க்கும்போது அந்தக் குணம் குறைந்துவிடும்.

ஒரு பிளக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். திருகாணி தளர்ந்திருக்கும். அல்லது உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு மெல்லியதாக இருக்கும். அல்லது ஒரே பலகையில் கேத்தல், ஸ்திரிக்கை இரண்டையும் மாட்டியிருப்பார்கள். உலோகம் சூடேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைச் சுடும். வெளியில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் சிறிது கருகித் தானாக அணைந்துவிடுமா, அல்லது பற்றிக்கொண்டு திரைச்சீலைக்குத் தாவுமா என்பதைத் தீர்மானிப்பதில் இந்த 62 ரூபாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீத்தடுப்புப் பொருள் கலந்த பிளாஸ்டிக் எரியவே எரியாது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். வீடே பற்றி எரியும்போது அதுவும் எரியும். சிறிய தீ பெரிய தீயாவதைத் தடுப்பதும் தாமதப்படுத்துவதும்தான் அதன் வேலை.

மூன்று விதமான தடுப்பு

முதலாவது வகை, ஈரச்சாக்குப் போல வேலை செய்வது. அலுமினியம் ஐதரொட்சைட்டு என்ற வெள்ளைத் தூள் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில் தன்னுள் இருக்கும் நீரை ஆவியாக விடுகிறது. மகனீசியம் ஐதரொட்சைட்டு 300 பாகையைத் தாண்டியபின் அதையே செய்கிறது. விலை மலிவு, நச்சுப் பயம் குறைவு. ஆனால் நிறைய அள்ளிப் போட வேண்டும். சில கேபிள் உறைகளில் நிறையில் 60 வீதம் வரை இந்தத் தூளே இருக்கும். அவ்வளவு தூள் சேர்ந்தால் பிளாஸ்டிக்கின் உறுதியும் நெகிழ்வும் குறையும்.

இரண்டாவது வகை பொஸ்பரஸ் சார்ந்தது. சோறு அடிப்பிடித்தால் சட்டியின் அடியில் ஒரு கருகிய தகடு உருவாகுமல்லவா? அதுபோல பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் ஒரு கரித்தகட்டை உண்டாக்கி, உள்ளே வெப்பம் போவதையும் வெளியே வாயு வருவதையும் இது மறிக்கிறது.

மூன்றாவது வகை புரோமீன் சார்ந்தது. பல தசாப்தங்களாகத் தொலைக்காட்சி, கணினிப் பெட்டிகளில் கோலோச்சியது இதுதான். இது வேலை செய்யும் விதம் நம் வியாபாரிகளுக்கு உடனே விளங்கும். தீச்சுவாலை என்பது கைமாறிக்கொண்டே போகும் காசோலை போன்றது. ஒருவர் கொடுத்த செக்கை இன்னொருவர் மற்றவருக்குக் கொடுக்கிறார், அவர் அடுத்தவருக்குக் கொடுக்கிறார். நடுவில் ஒரு செக் திரும்பினால் முழுச் சங்கிலியும் நின்றுவிடுகிறது. சுவாலையிலும் அப்படியே, ஒரு துணிக்கை அடுத்ததைத் தூண்டிச் செல்கிறது. வெப்பத்தில் வெளிவரும் புரோமீன் அந்தத் துணிக்கைகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கைமாற்றம் நிற்கிறது, சுவாலை அணைகிறது.

புரோமீனுக்கு ஓர் உதவியாளர் உண்டு. அதன் பெயர் அந்திமனி மூவொட்சைட்டு. தனியே போட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. புரோமீனுடன் சேரும்போது அதன் வலுவைப் பல மடங்கு கூட்டிவிடும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் பொலிஸ்டைரீனில் 12 வீதம் புரோமீன் சேர்மமும் 4 வீதம் அந்திமனியும் சேர்ப்பது வழமையான கணக்கு. 60 வீதம் எங்கே, 16 வீதம் எங்கே? உற்பத்தியாளர்கள் ஏன் இதன் பின்னால் ஓடினார்கள் என்பது இப்போது புரியும்.

இத்தனையும் கேட்ட மருமகன், "அப்போ நல்ல சாமான்தானே மாமா, போட்டா சரிதானே?" என்றார். இங்கேதான் கதையின் மறுபக்கம் வருகிறது.

மிச்சிகனில் மாறிப்போன பைகள்

1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மிச்சிகன் கெமிக்கல் என்ற கம்பனி இரண்டு பொருள்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒன்று 'ஃபயர்மாஸ்டர்'. பொலிபுரோமினேற்றட் பைஃபீனைல் என்ற புரோமீன் தீத்தடுப்புப் பொருள் அது. மற்றது 'நியூட்ரிமாஸ்டர்'. பால் மாடுகளின் தீவனத்தில் கலக்கும் மகனீசியம் ஒட்சைட்டு. பெயர்கள் ஒன்றைப்போல் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரியான பழுப்புக் கடதாசிப் பைகளில் போயின.

அந்த ஆண்டு தீவன ஆலைக்குப் போன சரக்கில் நியூட்ரிமாஸ்டருக்குப் பதிலாகச் சில ஃபயர்மாஸ்டர் பைகள் போய்ச் சேர்ந்தன. ஆலையில் எவரும் கவனிக்கவில்லை. தூள் தீவனத்தில் கலந்தது, தீவனம் பண்ணைகளுக்குப் போனது. மாடுகள் தீவனத்தை வெறுத்தன, பால் குறைந்தது, கன்றுகள் இறந்தன. இரசாயனப் பொறியியல் படித்த ரிக் ஹெல்பர்ட் என்ற பண்ணையாளர் விடாப்பிடியாகப் பரிசோதனைக்கு மேல் பரிசோதனை செய்வித்ததன் பயனாக, 1974ஆம் ஆண்டில்தான் உண்மை வெளிவந்தது. அதற்குள் அந்தப் பாலையும் இறைச்சியையும் முட்டையையும் மாநிலத்து மக்களில் இலட்சக்கணக்கானோர் உட்கொண்டுவிட்டார்கள்.

500க்கும் மேற்பட்ட பண்ணைகள் முடக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 மாடுகளும் 15 இலட்சம் கோழிகளும் கொன்று புதைக்கப்பட்டன. இந்தப் பொருள் உடற்கொழுப்பில் தங்கிவிடும், எளிதில் வெளியேறாது. ஆகவே அன்று அதை உட்கொண்டவர்களினதும் அவர்களின் பிள்ளைகளினதும் உடல்நிலையை ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

இதில் தீத்தடுப்புப் பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று எவரும் குறை சொல்ல முடியாது. பிளாஸ்டிக்கில் அது நன்றாகவே வேலை செய்தது. தவறான இடத்துக்குப் போனதுதான் பிழை. அதைத் தடுத்திருக்கக்கூடியது பையின் மேலிருந்த பெயரை ஒருவர் நின்று வாசிப்பது மட்டுமே. நான் இந்தக் கதையை என் களஞ்சியத்தில் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் சொல்வதுண்டு.

தடைப் பட்டியலில் இருப்பவை

அதன்பின் புரோமீன் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் மீதும் பார்வை விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 'ரோஹ்ஸ்' என்ற சட்டத்தின் மூலம் 2006 ஜூலை 1 முதல் மின், இலத்திரனியல் பொருள்களின் பிளாஸ்டிக்கில் இரண்டு புரோமீன் வகைகளை நிறையில் 0.1 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஒன்று, மிச்சிகனில் மாறிப்போன வகை. மற்றது பி.பி.டி.ஈ. எனப்படுவது.

உலக அளவில் ஸ்டொக்ஹோம் சமவாயம் என்ற உடன்படிக்கை இருக்கிறது. இலங்கை 2005 டிசம்பரில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. மிச்சிகன் பொருளின் முக்கிய கூறும், பி.பி.டி.ஈ. வகைகளில் சிலவும் 2009ஆம் ஆண்டு அதன் பட்டியலில் சேர்ந்தன. பொலிஸ்டைரீன் நுரைத் தகடுகளில் பாவித்த எச்.பி.சி.டி. 2013ஆம் ஆண்டு சேர்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டிகளின் அரசனாக இருந்த டெகாபுரோமோ டைஃபீனைல் ஈதர் 2017ஆம் ஆண்டு சேர்ந்தது.

இங்கே வியாபாரிகள் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தடைப்பட்ட பொருளின் கடைசிச் சொல் 'ஈதர்'. அதன் இடத்தைப் பிடித்துச் சந்தையில் ஓடும் இன்னொரு பொருளின் பெயர் டெகாபுரோமோ டைஃபீனைல் 'ஈதேன்'. முன்னையது மேற்சொன்ன பட்டியலில் உள்ளது, பின்னையது அதில் சேர்ந்ததல்ல. ஃபயர்மாஸ்டர், நியூட்ரிமாஸ்டர் கதை மீண்டும் நினைவுக்கு வருகிறதல்லவா? எனவே பெயரை நம்பாமல் சி.ஏ.எஸ். இலக்கத்தைக் கேளுங்கள். ஈதரின் இலக்கம் 1163-19-5. ஈதேனின் இலக்கம் 84852-53-9. அந்திமனி மூவொட்சைட்டின் இலக்கம் 1309-64-4.

கறுப்புப் பிளாஸ்டிக்கின் இரகசியம்

தடை வந்ததோடு பழைய சரக்கு மறைந்துவிடவில்லை. உலகெங்கும் தூக்கி எறியப்பட்ட தொலைக்காட்சி, கணினிப் பெட்டிகள் அரைக்கப்பட்டு மீண்டும் குருணைகளாகச் சந்தைக்கு வருகின்றன. பல நிறப் பிளாஸ்டிக் கலந்த குருணையை மறைக்க எளிய வழி கறுப்பு நிறம் சேர்ப்பது. இதனால் கறுப்பு நிற விளையாட்டுப் பொருள்களிலும் சமையலறைக் கரண்டிகளிலும்கூட இந்தப் புரோமீன் சேர்மங்கள் இருப்பதைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான இப்படியான ஓர் ஆய்வு உலகெங்கும் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் அதில் ஒரு கணக்குப் பிழை இருந்தது. 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கான எல்லையைக் காண 7,000ஐ 60ஆல் பெருக்க வேண்டும். விடை 420,000. அவர்கள் எழுதியது 42,000. ஒரு பூச்சியம் விழுந்துபோனதால் ஆபத்து பத்து மடங்கு பெரிதாகத் தெரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் திருத்தம் வெளியிட்டார்கள். எனவே கறுப்புக் கரண்டியைக் கண்டு நடுங்கத் தேவையில்லை. ஆனால் தீத்தடுப்புப் பொருளுக்குக் கரண்டியில் எந்த வேலையும் இல்லை என்ற உண்மை மாறவில்லை. உணவோடு தொடும் பொருளுக்கும் குழந்தைகளின் பொருளுக்கும், எங்கிருந்து வந்ததென்று தெரியாத கறுப்புக் குருணையை நான் விற்பதில்லை.

விலை ஏறும்போது வரும் ஆசை

அந்திமனியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருவது. 2024 ஓகஸ்ட் 15ஆம் திகதி சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தது. செப்டெம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டின் ஆரம்பத்தில் தொன் ஒன்று ஏறத்தாழ 12,000 டொலராக இருந்த அந்திமனி உலோகம், ஆண்டு முடிவதற்குள் அதன் மூன்று மடங்கு விலையைத் தொட்டது.

மூலப்பொருளின் விலை இப்படி ஏறும்போது, 4 வீதம் போட வேண்டிய இடத்தில் 2 வீதம் போட்டால் யாருக்குத் தெரியும் என்ற ஆசை சில தொழிற்சாலைகளுக்கு வருவது இயற்கை. சாமான் அதே வெள்ளைதான், அதே பளபளப்புத்தான். எனவே சந்தை விலைக்கு ஒத்துவராத அளவு மலிவாக 'எஃப்.ஆர்.' சரக்கு வந்தால், நல்ல காலம் என்று மகிழ்வதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.

உள்ளூரில் பிளாஸ்டிக் கலவை செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், அந்திமனி மூவொட்சைட்டு அடங்கிய சேர்மங்களைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகுப்பில் 2022ஆம் ஆண்டு மேலும் ஒரு படி உயர்த்தியது. முக்கியமான பயம் தூளைச் சுவாசிப்பதில்தான். பையை வெட்டிக் கொட்டும் ஊழியருக்கு நல்ல முகக்கவசமும் தூசு உறிஞ்சும் வசதியும் கொடுப்பது உங்கள் கடமை. புரோமீன் கலந்த கழிவுகளைத் திறந்த வெளியில் எரிக்கவும் வேண்டாம். டயொக்சின் போன்ற கொடிய நச்சுகள் அதிலிருந்து வரும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, 'எஃப்.ஆர்.' என்ற இரண்டு எழுத்துகள் ஒரு தரமல்ல. யூ.எல். 94 என்ற பரிசோதனையில் எந்தத் தரம் என்று கேளுங்கள். நிமிர்த்திப் பிடித்த துண்டின் அடியில் 10 விநாடிகள் வீதம் இரண்டு தடவை தீ வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் 10 விநாடிக்குள் அணைந்து, எரியும் துளிகள் கீழே உள்ள பஞ்சைப் பற்றவைக்காவிட்டால் அது வி-0. 30 விநாடிக்குள் அணைந்தால் வி-1. 30 விநாடிக்குள் அணைந்தாலும் எரியும் துளி பஞ்சைப் பற்றவைத்தால் வி-2. எச்.பி. என்பது படுக்கையாக வைத்து மெதுவாக எரிகிறதா என்று பார்ப்பது மட்டுமே.

இரண்டாவது, அந்தத் தரம் எத்தனை மில்லிமீற்றர் தடிப்புக்கு என்று கேளுங்கள். 3 மில்லிமீற்றரில் வி-0 பெற்ற பிளாஸ்டிக் 1.5 மில்லிமீற்றரில் தோற்கலாம்.

மூன்றாவது, பிளக், சுவிட்ச் போன்றவற்றுக்கு ஒளிர்கம்பிப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். 650, 750, 850 பாகை என்று சூடாக்கிய கம்பியை 30 விநாடிகள் பொருளில் அழுத்திப் பார்ப்பது அது. பிளக்கின் உள்ளே உண்மையில் நடப்பதற்கு மிக நெருக்கமான பரிசோதனை அதுதான்.

நான்காவது, தடைப்பட்ட பொருள்கள் இல்லை என்பதற்கு ஆய்வுகூட அறிக்கை கேளுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் எக்ஸ் கதிர்க் கருவி புரோமீன் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். எந்தப் புரோமீன் சேர்மம் என்று சொல்லாது.

ஐந்தாவது, இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் கட்டாய இறக்குமதிப் பரிசோதனைக்கு உங்கள் பொருள் உட்படுகிறதா என்பதை ஓடர் கொடுக்குமுன் விசாரியுங்கள். கப்பல் வந்தபின் விசாரித்தால் துறைமுகத் தாமதக் கட்டணம்தான் மிஞ்சும்.

மருமகன் என்ன செய்தார்?

அன்று மாலை கடையின் பின்புறம் திறந்த வெளியில் இரண்டு பிளக்குகளிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, காற்றுக்கு எதிர்ப்புறம் நின்று லைட்டரைக் காட்டினோம். மலிவானது மெழுகுவர்த்தி போல எரிந்து, எரியும் துளிகளைத் தரையில் சொட்டியது. விலை கூடியது லைட்டரை எடுத்ததும் அணைந்தது. மருமகனின் முகம் மாறிவிட்டது. இப்படியான சோதனை ஒரு பொருளை வேண்டாம் என்று ஒதுக்க மட்டுமே உதவும், நல்லது என்று நிரூபிக்க உதவாது என்பதையும் அவருக்குச் சொன்னேன்.

நான் சொன்னது மறுநாளே உறுதியானது. விலை கூடியதற்கு அறிக்கை கேட்டார், உடனே அனுப்பினார்கள். வி-0 என்று அழகாக இருந்தது. ஆனால் 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு. எங்கள் பிளக்கின் சுவரை அளவுமானியால் அளந்தோம், 2 மில்லிமீற்றர். ஆக, விலை கூடியதற்கும் அந்தக் கடதாசி பொருந்தவில்லை. அதை எழுதிக் கேட்டபோது, 1.5 மில்லிமீற்றரிலேயே வி-0 பெற்ற வேறொரு மூலப்பொருளில் செய்து தருவதாகச் சொன்னார்கள். ஒன்றுக்கு மேலும் 9 ரூபா.

மருமகன் இரண்டு நாள் யோசித்தார். 5,000க்குப் பதிலாக 3,000க்கு ஓடர் கொடுத்தார். மூலப்பொருளின் பெயர், தரம், தடிப்பு மூன்றையும் இன்வொய்ஸில் எழுதச் சொன்னார். பக்கத்துக் கடையை விட 71 ரூபா கூடிய சாமானை எப்படி விற்பது என்ற கவலை அவருக்கு இன்னும் தீரவில்லை. அது இலேசான காரியம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் "ஏன் விலை கூட?" என்று கேட்பவருக்குச் சொல்ல அவரிடம் இப்போது பதில் இருக்கிறது, காட்டக் கடதாசியும் இருக்கிறது. நம்மிடம் பிளக் வாங்கிப் போகிறவர் அதைப் பிள்ளைகள் உறங்கும் அறையில் மாட்டிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார். அவருக்குத் தெரியாத வித்தியாசம் விற்கும் நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.